தூக்கத்தில் அடிக்கிறாரு, மேடம்

மகளிர் காவல் நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, பயிற்சியில் யாரும் சொல்லித் தராத ஒரு சங்கதியைச் சொல்கிறேன். நம்மிடம் வருகிற பல புகார்களில் சாட்சி இருக்காது, தடயம் இருக்காது, சம்பவம் நடந்த இடம்கூட இருக்காது. கனவு மட்டும் இருக்கும்.

"எங்க மாமியார் கனவுல வந்தாங்க மேடம். செயின எடுத்தது சின்ன மருமகதான்னு சொல்லிட்டுப் போனாங்க." மாமியார் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. இனி அவரை எந்தக் கூண்டில் ஏற்றிச் சாட்சி வாங்குவது? செவிலிமேட்டிலிருந்து ஒருத்தி புருஷனின் கிழிந்த சட்டையோடு வந்தாள். அவன் வேறொருத்தியோடு பஸ்ஸில் போவதாகக் கனவு கண்டாளாம். எழுந்த வேகத்தில் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டு நேராக நம்மிடம் வந்துவிட்டாள். கனவில் பார்த்ததற்கெல்லாம் கேஸ் போட முடியாதும்மா என்றேன். "அப்போ கனவு எதுக்கு மேடம் வருது?" என்று என்னைக் கேட்டாள். நான் இன்ஸ்பெக்டர் என்பதால் எனக்கு அதுவும் தெரிந்திருக்க வேண்டும்.

நான் கான்ஸ்டபிளாக இருந்தபோது எனக்கு மேலே ஓர் இன்ஸ்பெக்டர் அம்மா இருந்தார். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. இந்தக் கனவுக்காரிகளை எல்லாம் நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, கடைசி வரை கேட்பார். வெளியே கூட்டம் நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்காமல் கேட்டே விட்டேன்.

"கனவுல வந்த மாமியார விடுடி," என்றார். "வூட்ல யார பாத்தா பயம்னு நேரா கேளு, அவ சொல்லவே மாட்டா. கனவுன்னா சொல்லிடுவா. கனவு சொன்னதுன்னா அவ மேல தப்பு கெடையாது பாரு."

அப்போது எனக்கு அது சோம்பேறித்தனமாகத்தான் பட்டது. என் சொந்த ஊர் தென்னேரி. அடுத்தவர் வயலில் அறுப்பு அறுத்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாலும் கனவுக்கு அர்த்தம் தேட எங்கள் வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. படுத்தால் தூங்குவோம், விடிந்தால் ஓடுவோம். அதனால் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. இதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் ஒரு காலையில் நித்யா என்கிற பெண் தன் தாயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிலையத்துக்குள் வந்தாள். ஏனாத்தூர் பக்கம் கல்லூரியில் படிக்கிற பெண், தோளில் பை. தாய் சரசா. அவளுக்கு ஒரு கண் மூடிப்போய், கன்னம் வரை கறுத்திருந்தது. பட்டு நெய்கிற குடும்பம்.

"எங்கப்பா மேல கேஸ் போடுங்க மேடம். இது மொத தடவ இல்ல," என்றாள் நித்யா.

"ஐயோ, அவரு தூக்கத்தில அடிக்கிறாரு மேடம். முழிச்சிக்கினு அடிக்கல," என்றாள் சரசா.

இதைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? குடிபோதையில் அடித்தேன் என்பான். சாமி வந்து அடித்தேன் என்பான். கோபத்தில் கண் தெரியாமல் அடித்தேன் என்பான். அடி வாங்கியவளே அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நம்மிடம் ஒப்பிப்பாள். அந்த வரிசையில் தூக்கம் மட்டும்தான் பாக்கி இருந்தது, அதுவும் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

நித்யா போனை நீட்டினாள். அன்று விடியற்காலை அவளே எடுத்த வீடியோ. தரையில் பாய், பக்கத்தில் தறி. மனிதர் மல்லாந்து படுத்தபடி காலை உதைக்கிறார், கையை ஓங்கி ஓங்கி அடிக்கிறார். பக்கத்தில் சரசா முகத்தை மறைத்துக்கொண்டு, எழுந்து ஓடாமல், அந்தக் கையைப் பிடிக்கப் பார்க்கிறாள். "போ! போ! ஏய், பாவு! பாவு!" என்று அவர் கத்துகிறார். பார்த்துக்கொண்டிருந்த நம் கான்ஸ்டபிள் ஒருத்தி, "நல்லா நடிக்கிறான் மேடம்," என்றாள்.

ஆளை வரச் சொல்லி அனுப்பினேன். ஏகாம்பரம் என்று பெயர். கூடவே சரசாவின் அண்ணனும் வந்தார். அவரை மச்சான் என்றே சொல்கிறேன், அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிற உறவு அதுதான். ஏகாம்பரம் உள்ளே நுழைந்ததும் மனைவியைப் பார்த்துப் பதறிவிட்டார்.

"இங்க எதுக்கு வந்த? யாரு மேலம்மா கம்ப்ளெயின்ட்? யாராவது எதுனா பண்ணாங்களா?"

சரசா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லாதீர்கள் என்று எனக்குக் கையால் ஜாடை காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளைத் தனியாக அழைத்துக் கேட்டேன். அவருக்கு விஷயமே தெரியாதாம். காயம் பட்ட ஒவ்வொரு தடவையும் தறிக் கம்பத்தில் இடித்துக்கொண்டேன் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அவரும் நம்பி, பார்த்து நடக்கமாட்டியா என்று திட்டிவிட்டு, மருந்து போட்டுவிட்டிருக்கிறார். போன மாதம் அந்தக் கம்பம் முழுக்கப் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டியும் வைத்திருக்கிறார்.

"தெரிஞ்சா அந்த மனுஷன் உசுரோட இருக்கமாட்டாரு மேடம்," என்றாள்.

வெளியே தெருக்காரர்கள் சேர்ந்துவிட்டார்கள். ஏகாம்பரம் எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவர் என்று ஒருவர். எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுங்கள் என்று இன்னொருவர். எல்லா ஊரிலும் எல்லாப் புருஷனும் தெருக்காரர்களுக்கு நல்லவன்தான். உள்ளே நித்யா, "நீங்களும் சமாதானம் பேசி அனுப்பப் போறீங்களா?" என்று அழுகிறாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நம் நிலையங்களில் அப்படி நடக்காத ஊர் எது?

எனக்கு அந்த இன்ஸ்பெக்டர் அம்மாவின் டீ ஞாபகம் வந்தது. வேறு வழி தெரியாமல்தான் செய்தேன், நம்பிக்கையில் அல்ல. ஏகாம்பரத்தைத் தனியே உட்காரவைத்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்குக் கனவு ஏதாவது வருதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சொன்னார்.

"வருதுமா. ஒரே கனவுதான். தெருவுல பாவு நீட்டிக்கினு இருக்கோம். ஒரு மாடு தறிகெட்டு ஓடியாருது. வெரட்டறேன், வெரட்டறேன், போகவே மாட்டேங்குது. அடிச்சி, ஒதச்சி, தொண்ட கிழியக் கத்தி… முழிப்பு வந்துடுது. ஒடம்பெல்லாம் வேர்த்துக் கெடக்கும்."

வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் நீளவாக்கு நூலை, அதாவது பாவை, தெருவின் நீளத்துக்கு இழுத்துப் பிடித்துச் சரிபார்ப்பார்கள். அதிகாலையில் அந்தத் தெருக்களுக்குள் ஜீப்பை விட்டால் நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். நாய், மாடு, பால்காரரின் பைக், எது உள்ளே புகுந்தாலும் பல நாள் உழைப்பு போச்சு.

அவர் வீடியோவைப் பார்த்ததில்லை. தான் அடிப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் வீடியோவில் கத்திய அதே வார்த்தையை, அதே உதையை, அவராகவே சொன்னார். உடனே நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். நம் வேலையில் அவ்வளவு சீக்கிரம் நம்பினால் அடுத்த முறை பிணத்தைத்தான் பார்க்கப் போக வேண்டியிருக்கும். நான் வேறு ஒன்றை யோசித்தேன். இவன் பொய்யனாக இருந்தால் இன்று இரவு அவள் இவன் பக்கத்தில் படுக்கக் கூடாது. இவர் சொல்வது நிஜமாக இருந்தாலும் இன்று இரவு அவள் இவர் பக்கத்தில் படுக்கக் கூடாது. எது உண்மை என்று கண்டுபிடிக்க எனக்கு நாள் ஆகும். செய்ய வேண்டியது மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். நெருக்கடியில் உண்மை பிடிபடவில்லை என்றால், எல்லா உண்மைக்கும் பொதுவாக எதைச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அதை முதலில் செய்யுங்கள்.

நித்யாவின் மனுவை வாங்கி ரசீது கொடுத்தேன். பிறகு எல்லோரையும் அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண் டாக்டர் சரசாவைப் பார்த்துவிட்டு, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் விரிசல் இருக்கிறது, அதே இடத்தில் இன்னொரு அடி விழுந்தால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்றார். ஏகாம்பரத்தைப் பார்த்த நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரர். அவரை வெளியே அனுப்பிவிட்டு, வீடியோவை மூன்று நான்கு தடவை ஓட்டிப் பார்த்தார். கனவு காணும்போது நம் உடம்பு தானாகவே பூட்டிக்கொள்ளும், அதனால்தான் கனவில் ஓடினாலும் கால் ஓடுவதில்லை, சிலருக்கு வயதான காலத்தில் அந்தப் பூட்டு தளர்ந்துவிடும், இது அப்படித்தான் தெரிகிறது என்றார். மாத்திரை இருக்கிறது, ஆனால் வேறொரு நரம்பு நோய்க்கு இது முன்னோட்டமாகவும் இருக்கலாம், விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார். முக்கியமாக, இருவரும் வேறு வேறு அறையில் படுக்க வேண்டும்.

அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன். சரசா, "நான் வேற ரூம்ல படுக்கமாட்டேன்," என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. கண் போய்விடும் என்று டாக்டர் சொல்லி முடித்த வாய் இன்னும் மூடவில்லை. ஏம்மா என்றால் அண்ணன் முகத்தைப் பார்க்கிறாள். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

விஷயம் இதுதான். ஏகாம்பரம் தூக்கத்தில் "பாவு, பாவு" என்று கத்துவதை மச்சான் ஒருநாள் கேட்டிருக்கிறார். பஞ்சாங்கத்தில் கனவுப் பலன் பார்த்திருக்கிறார், போதாக்குறைக்கு யூடியூபிலும் பார்த்திருக்கிறார். கனவில் பாவு அறுந்தால் வீட்டில் தாலி அறும் என்று முடிவு கட்டியிருக்கிறார். அதற்குப் பரிகாரம், மனைவி புருஷனை விட்டு நகராமல் ஒரு மண்டலம் பக்கத்திலேயே படுக்க வேண்டும். அவர் துள்ளும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் புருஷனிடம் சொல்லவும் கூடாது. அவள் விலகிப் படுத்தால் கனவு பலித்துவிடும்.

இப்போது புரிகிறதா அவள் ஏன் வீடியோவில் எழுந்து ஓடவில்லை என்று? புருஷன் உயிரைக் காப்பாற்றுவதாக நினைத்து அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வராந்தா என்றுகூடப் பார்க்காமல் நான் அந்த மனிதரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "உங்க தங்கச்சி கண்ணு போனா அதுக்கு எந்த சேனல்ல பலன் பார்ப்பீங்க?" என்று கேட்டேன். அவர் அசரவில்லை.

"கோச்சிக்காதீங்க மேடம். உங்களுக்கு எங்க வழக்கம் தெரியாது. உங்க பக்கம் தறி கெடையாது இல்ல?"

உங்க பக்கம் என்றால் ஊரின் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா? அதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கினேன். டாக்டரிடம் போய், நீங்களே ஒரு தடவை சொல்லுங்கள் சார், கனவு ஏன் வருகிறது, அதற்கு அர்த்தம் உண்டா இல்லையா என்று இந்த அம்மாவுக்குப் புரியும்படி சொல்லுங்கள் என்றேன்.

அவர் நேர்மையானவர். அதுதான் வினையாகிவிட்டது. "ஏன் வருதுன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா. மனசுல இருக்கற பயம், பழைய ஞாபகம் எல்லாம் கலந்து வரும்னு சொல்றாங்க. இன்னும் ஆராய்ச்சி போய்க்கிட்டுதான் இருக்கு."

சரசா என் பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களா மேடம்? படிச்ச டாக்டருக்கே தெரியல. எங்கண்ணனுக்குத் தெரியுது."

எனக்கு அழுகை வராத குறை. தெரியாது என்று சொல்கிறவன் தோற்கிறான், தெரியும் என்று அடித்துச் சொல்கிறவன் ஜெயிக்கிறான். நம் கோர்ட்டிலும் இதையே பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

நித்யாவுக்கு அதற்கு மேல் பொறுமை இல்லை. வராந்தாவின் மறுகோடியில், எங்கள் பேச்சு எட்டாத தூரத்தில், மாத்திரைச் சீட்டோடு உட்கார்ந்திருந்த அப்பாவை நோக்கிப் போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். அவர் தெரிந்துகொள்ளாமல் இதில் எதுவும் நடக்காது. சரசா கேட்டுக்கொண்டாள் என்பதற்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், இன்று இரவும் அவர் பக்கத்தில்தான் பாய் விரிப்பாள். அதே சமயம், பெற்ற மகள் முகத்தில் எறிகிற வீடியோவிலிருந்து அவர் தெரிந்துகொள்ளவும் கூடாது. நானே போய் எதிரில் உட்கார்ந்தேன்.

"உங்க மனைவி கம்பத்துல இடிச்சிக்கல. நீங்கதான் அடிச்சீங்க. தூக்கத்துல. உங்களுக்குத் தெரியாது. உங்க பொண்ணு வீடியோ எடுத்து வச்சிருக்கா," என்றேன். நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தால் நான் சொல்லியே இருக்க மாட்டேன்.

அவர் சிரித்தார். நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார். பிறகு மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். காட்டுங்கள் என்றார். பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை வைக்கச் சொன்னார். அதன்பிறகு அவர் கத்தியது என்மேல் இல்லை, மகள்மேலும் இல்லை.

"ஏன்டி சொல்லல? நீ ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

விழித்திருக்கும்போது அவர் குரல் உயர்ந்து அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டதாக நித்யா பிறகு என்னிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது. கத்தி முடித்துவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். அழுதுகொண்டே சொன்னார்.

"மாடு உன் பக்கம்தான்டி ஓடும். அந்தக் கோடியில நீ பாவப் புடிச்சிக்கினு நிப்ப. கைய வுட்டுட்டு ஓடவும் மாட்ட. உன்ன முட்டிடப் போவுதுன்னுதான் நான் அந்த அடி அடிக்கிறேன்."

சரசா அவர் எதிரில் வந்து நின்றாள். "நான் அந்தக் கோடியிலயா நிக்கிறேன்?"

"தெனமும்."

"பாவு அறுந்துடுதா?"

"எங்க அறும்? நீதான் வுடாம புடிச்சிக்கினு இருக்கியே."

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த கொசு ஒழிப்பு நோட்டீஸைப் படித்துக்கொண்டிருந்தார். பாவு அறுந்ததே இல்லை! கனவில் நூல் ஒரு இழைகூட அறவில்லை! கனவு கண்ட மனிதனை ஒரு வார்த்தை கேட்காமல், அவர் கத்தியதில் பாதியைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, பஞ்சாங்கம் பார்த்து, பரிகாரம் சொல்லி, ஒரு பெண்ணின் கண்ணைப் பறிக்கும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார் இந்த மச்சான். ஏகாம்பரத்திடம் ஒரே ஒரு கேள்வி, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டிருந்தால் போதும். நானும் காலையில் டீ வாங்கிக் கொடுத்தவள்தான், மாட்டோடு நிறுத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி வரை கேட்பார் என்று எழுதினேனே, அந்தக் கடைசி வரை என்பதுதான் விஷயம்.

சரசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ நான் அந்தக் கோடியிலயே இருக்கேன். நித்யா ரூம்ல படுத்துக்கறேன்," என்றாள். டாக்டர் சொன்னபோது ஏறவில்லை, எலும்பு விரிசல் என்றபோது ஏறவில்லை, இது ஏறியது. இதுதான் அந்தக் கனவின் அர்த்தமா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அவள் கண் தப்பியது, அதோடு எனக்குப் போதும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கு ஒருவன் வந்து தூக்கத்தில் அடித்தேன் என்றால் உருகிவிடாதீர்கள். இந்தக் கதை வெளியே பரவி, அடுத்த மாதமே ஒருத்தன் அதையே என்னிடம் சொன்னான். கனவைச் சொல்லு என்றேன். மறந்துபோச்சு மேடம் என்றான். அவன் மனைவிக்கு அடி விழுந்தது சாயங்காலம், டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, அதுவும் பெல்ட்டால். அவனை உள்ளே வைத்தேன். இருவரிடமும் கேட்டது ஒரே கேள்விதான்.

நித்யா கொஞ்ச நாள் கழித்து வந்து மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். முகத்தில் சந்தோஷம் என்று சொல்ல முடியாது. அம்மா அடி வாங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு, காரணம் தெரிந்ததும் எல்லாம் சரியாகிவிடாது. மச்சானோ ஊரெல்லாம் தன் பரிகாரத்தால்தான் எல்லாம் தணிந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் சரசாவைப் பார்த்தேன். கண் நன்றாக இருந்தது. மாத்திரையில் எவ்வளவோ குறைந்திருக்கிறதாம். ஆனால் முழுசாக நிற்கவில்லை, சில விடியற்காலைகளில் வருகிறதாம். சுற்றி மெத்தை போட்டிருக்கிறோம் என்றாள். கேட்காமலே பிறகு சொன்னாள்.

"அந்த ரூம்ல இருந்து எனக்குக் கேக்குது மேடம். சரசா ஓடிடு, சரசா ஓடிடுன்னு என் பேரச் சொல்லிக் கத்துறாரு. போயி தோளத் தொட்டா முழிச்சிக்குவாரு. பயந்துக்கினு தனியா கெடக்கறாரேன்னு இருக்குது. காதப் பொத்திக்கினு படுத்திருக்கேன். அடி வாங்குனப்பகூட இவ்ளோ வலிக்கல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கிட்ட போயிடாதம்மா," என்றேன்.

"போகல மேடம்," என்றாள். அவளுடைய பஸ் வந்துவிட்டது.